ஐஸ் சாரின் வலது கால்

லைப்ரரியம்மா இரண்டாவது தடவையும் டெஸ்டில் ஃபெயிலாகி வந்தபோது அழவில்லை. அழுதிருந்தால் ஐஸ் சாருக்குச் சமாளிக்கத் தெரிந்திருக்கும். பத்தொன்பது வருஷமாக டிரைவிங் ஸ்கூலில் கற்றுக்கொடுக்கிறவர். அழுகிறவர்களுக்கென்றே காரில் ஒரு டிஷ்யூ டப்பா வைத்திருக்கிறார். இந்த அம்மாவோ டெஸ்ட் ரோட்டிலிருந்து மைதானத்துக்குத் திரும்பியதும் காரைவிட்டு இறங்கி, கதவை அறைந்து சாத்தி, கைப்பையைப் பானெட்டின் மேல் பொத்தென்று வைத்து, "சார், இந்த வண்டியில ஏதோ கோளாறு இருக்கு" என்றார்.

டெஸ்ட் எடுத்த அதிகாரி மறுபக்கம் இறங்கி, கையிலிருந்த தாளில் ஏதோ கிறுக்கிவிட்டு, ஐஸ் சாரைப் பார்த்துத் தலையை இடமும் வலமுமாக ஆட்டினார். "பாதசாரி கோட்டுல ஆள் நடந்துக்கிட்டு இருக்கு சார். நான் ஹேண்ட் பிரேக்க இழுக்கலைன்னா இன்னிக்குப் பெரிய வம்பாயிருக்கும்" என்று சொல்லிவிட்டு அடுத்த வண்டியைப் பார்க்கப் போய்விட்டார்.

"நான் பிரேக் போட்டேன் சார்" என்றார் லைப்ரரியம்மா. "சத்தியமா போட்டேன். உங்ககூட ஓட்டும்போது பஞ்சு மாதிரி இருக்கும், கால வச்சாலே அது பாட்டுக்கு உள்ள போகும். இன்னிக்கு கல்லு மாதிரி இருக்கு. போன தடவையும் இதே கதைதான். வெளிய சொன்னா சிரிப்பாங்கன்னு சொல்லல."

"அதே வண்டிதான் மேடம்."

"அதத்தான் நானும் சொல்றேன். மெக்கானிக்கிட்ட காட்டுங்க."

அந்த அம்மாவின் கோபத்தில் நியாயம் இருந்தது. வயது நாற்பத்தாறு. இருபத்திரண்டு வருஷமாக ஒரே கிளை நூலகத்தில் புத்தகத்தின் முதுகில் நம்பர் ஒட்டி, கிழிந்த பக்கத்துக்குப் பசை தடவி, சத்தம் போடுகிறவர்களை முறைத்துப் பார்த்துக் காலத்தை ஓட்டியவர். இப்போது அந்தக் கிளையை மூடுகிறார்கள். அடுத்த மாதம் முதல் தேதியிலிருந்து வேனில் புத்தகம் போகும். வேனை ஓட்டத் தெரிந்தவருக்கு வேலை, தெரியாதவருக்கு ஒரு பூங்கொத்தும் நன்றியும். ஒரு சைக்கிள்கூட ஓட்டியிராத மனுஷி ஐந்து மாதம் முன்பு டிரைவிங் ஸ்கூல் படியேறி, "எனக்கு ரொம்பப் பயம், ஆனா வேற வழியில்ல, பொறுமையா சொல்லித்தர்ற ஆளப் போடுங்க" என்று கேட்டார். முதலாளியம்மா யோசிக்கவே இல்லை, ஐஸ் சாரைக் கைகாட்டிவிட்டார். மாதம் முடிவதற்குள் இன்னும் ஒரே ஒரு டெஸ்டுக்குத்தான் இடம் கிடைத்தது, அடுத்த வியாழக்கிழமை.

ஐஸ் என்பது அப்பா அம்மா வைத்த பெயர் இல்லை, ஏழெட்டு வருஷத்துக்கு முன்பு பழகவந்தவர்கள் வைத்தது. அந்த ஸ்கூலில் மற்ற வாத்தியார்கள் எல்லாம் கத்துவார்கள், தலையில் அடித்துக்கொள்வார்கள், ஒருவர் ஸ்டியரிங்கைப் பிடுங்கவே பிடுங்குவார். ஐஸ் சார் மட்டும் ஜன்னலோரம் சாய்ந்து, குளத்தங்கரையில் காற்று வாங்குகிறவர் மாதிரி உட்கார்ந்திருப்பார். ஒரு தடவை கல்லூரிப் பெண் ஒருத்தி கியரை மாற்றிப் போட்டுப் பூக்கடைக்குள்ளேயே காரை விடப்போனபோது, "இப்ப பிரேக் போட்டா நல்லாருக்கும்" என்று மட்டும் சொன்னாராம். அவள் போட்டாள், ஒரு வாளி ரோஜா மட்டும் சாய்ந்தது. காலை வைக்க அவர் பக்கத்திலும் ஒரு பிரேக் பெடல் உண்டு, டிரைவிங் ஸ்கூல் கார் எல்லாவற்றிலும் உண்டு. வாத்தியார் மிதித்தால் பழகுகிறவரின் பெடலும் சேர்ந்து உள்ளே இறங்கும். ஐஸ் சார் அதை வருஷத்துக்கு நாலு தடவை மிதித்தால் அதிகம். அவரிடம் பழகினவர்கள் முதல் டெஸ்டிலேயே தேறிவிடுவார்கள், ஏனென்றால் தப்பு செய்ய இடம் கொடுப்பார்.

அந்தக் குளிர்ச்சிக்குக் காரணம் ஒரு மாத்திரை என்பது அவருக்கும் அவர் மனைவிக்கும் மட்டும்தான் தெரியும். ஒன்பது வருஷத்துக்கு முன்பு, அப்பா ஆஸ்பத்திரியில் கிடந்த மாதம், தூக்கமே வரவில்லை என்று போய் நின்றார். டாக்டர் இரண்டு வாரத்துக்கு எழுதிக்கொடுத்தார். அடேயப்பா, அந்த இரண்டு வாரம் எப்படி நீண்டது! அப்பா போய்ச் சேர்ந்தார், அந்த டாக்டரும் ஓய்வுபெற்றுப் போனார், மாத்திரை மட்டும் தங்கிவிட்டது. ஒன்று ஒன்றரையானது, ஒன்றரை இரண்டானது. இதைப் போட்டுக்கொண்டு வண்டி ஓட்டக்கூடாது என்று அட்டையின் பின்னால் பொடி எழுத்தில் போட்டிருக்கும். அவருக்குப் பிழைப்பே வண்டி. அந்தப் பொடி எழுத்தைப் படிக்காதவர் மாதிரியே இருந்துவிட்டார். பிறகு ஒருநாள் வெளியூர் போன இடத்தில் அட்டையை மறந்து, மறுநாள் மதியத்துக்குள் கை நடுங்கி, சட்டையெல்லாம் வியர்த்து, சுவரெல்லாம் தன்மேல் சாய்கிற மாதிரி ஆகிப்போனபோதுதான் இரண்டு பேருக்கும் புரிந்தது, இது மருந்தாக இருந்த காலம் எப்போதோ முடிந்துவிட்டதென்று.

புது டாக்டரம்மா சட்டென்று நிறுத்த விடவில்லை. பத்து மாதம் ஆனது. மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை பார்க்கிற மனைவிதான், கண்ணாடி துடைக்கும் மெல்லிய துணியை விரித்து, பிளேடால் மாத்திரையை முக்காலாக, அரையாக, காலாக வெட்டிக் கொடுத்தாள். கடைசிக் கால் துண்டை விழுங்கி, லைப்ரரியம்மா ஃபெயிலான அந்த நாளோடு அறுபத்தோரு நாள். "இனிமே பயம் வரும், சும்மாவே வரும்" என்று டாக்டரம்மா முன்கூட்டியே சொல்லியிருந்தார். "வந்தா விரட்டாதீங்க, சண்டை போடாதீங்க. விருந்தாளி மாதிரி உக்காரச் சொல்லுங்க. ஆனா சோறு மட்டும் போடாதீங்க, கொஞ்ச நேரத்துல எந்திரிச்சுப் போயிரும்." அதிலிருந்து தினமும் காலையில் மனைவி பல் தேய்த்துக்கொண்டே கேட்பாள், "என்னங்க, விருந்தாளி வந்தாச்சா?" அவரும், "அவரு விடியறதுக்கு முன்னாடியே வந்து பெட்டி படுக்கையோட உக்காந்திருக்காரு" என்பார். சிரித்துக்கொள்வார்கள். சிரித்தாலும் நெஞ்சுக்குள் மின்சாரப் பெட்டி மாதிரி ஒரு ரீங்காரம் ஓடிக்கொண்டேதான் இருக்கும். வெளிச்சம் கூசும், கரண்டி விழுந்தால் தூக்கிவாரிப் போடும். எதற்குப் பயப்படுகிறோம் என்று தெரியாமல் பயப்படுவது இருக்கிறதே, அதைப் போல ஒரு கேவலம் கிடையாது என்று அவருக்குத் தோன்றும். மணிக்கட்டில் குளிர்ந்த தண்ணீர் விடுவார். சூடான டீயை ஊதுகிற மாதிரி மூச்சை நீளமாக விடுவார். தெருவை மூன்று சுற்று சுற்றுவார். இப்படியே வேலைக்கும் போய்வந்துகொண்டிருந்தார், யாருக்கும் தெரியாமல் சமாளித்துவிட்டதாகவும் நினைத்துக்கொண்டிருந்தார்.

லைப்ரரியம்மாவின் புகாரோடு அன்று சாயங்காலமே வண்டி மெக்கானிக்கிடம் போனது. மெக்கானிக் சக்கரத்தைக் கழற்றினான், எண்ணெய் பார்த்தான், தெருக்கோடி வரை ஓட்டி நாலு தடவை கிறீச்சென்று நிறுத்திக் காட்டினான். "பிரேக்கு ராஜா மாதிரி இருக்கு சார். யாரு சொன்னது கோளாறுன்னு?" என்றவன், துடைக்கும் துணியோடு குனிந்து ஐஸ் சார் உட்காருகிற பக்கத்தைப் பார்த்துச் சிரிக்க ஆரம்பித்தான். "இங்க பாருங்க. உங்க பக்கத்துப் பெடல் ரப்பர் வழவழன்னு தேஞ்சு கிடக்கு. இது நான் போன சர்வீஸ்ல புதுசா மாட்டுனது. வாத்தியார் பக்கத்து ரப்பர் வண்டி கண்டமாகி காயலான் கடைக்குப் போற வரைக்கும் அப்படியேதான் இருக்கும், நான் பாத்திருக்கேன். என்ன சார், அவங்க ஓட்டுறாங்களா, நீங்க ஓட்டுறீங்களா?"

ஐஸ் சார் அந்த ரப்பரை விரலால் தடவிப் பார்த்தார். கோடு கோடாக இருக்கவேண்டிய இடம் நகம் மாதிரி வழுவழுப்பாக இருந்தது. தான் மிதித்ததாக அவருக்கு நினைவே இல்லை. அதுதான் பயங்கரம். மாத்திரையைக் குறைக்க ஆரம்பித்ததிலிருந்தே, கார் கிளம்பினதும் பெடலின் மேல் போய் உட்காருகிற வலது கால், எதிரே ஒரு நாய் தலைநீட்டினால் கொஞ்சம், சிக்னல் மஞ்சளானால் கொஞ்சம், ஒன்றுமே இல்லாவிட்டாலும் நெஞ்சு ஒரு துள்ளு துள்ளினால் கொஞ்சம் என்று அமுக்கியிருக்கிறது. பழகுகிறவர் கால் வைப்பதற்குள் பாதி வேலை முடிந்திருக்கிறது. மீதிப் பாதியைச் செய்துவிட்டு, வண்டியை நிறுத்தியது தாங்கள்தான் என்று அவர்கள் நம்பியிருக்கிறார்கள். லைப்ரரியம்மா மட்டுமா? இந்த இரண்டு மாதத்தில் அவரிடமிருந்து டெஸ்டுக்குப் போன ஏழு பேரில் ஐந்து பேர் ஃபெயில். நேரம் சரியில்லை, அதிகாரி சரியில்லை என்றெல்லாம் பேசிக்கொண்டார்களே தவிர, இப்படி ஒன்று யார் புத்திக்கும் எட்டவில்லை. அவர் மெக்கானிக்கிடம் புது ரப்பர் போடச் சொல்லிவிட்டு வெளியே வந்து, நடைபாதையில் ஒரு தூணைப் பிடித்துக்கொண்டு நின்றார். வெட்கம் பிடுங்கித் தின்றது.

வீட்டில் சொன்னதும் மனைவி முதலில் நம்பவில்லை. சாப்பாட்டு மேஜைக்கடியில் குனிந்து பார்த்தாள். டிவியில் யாரோ வேகமாகக் கார் ஓட்டிக்கொண்டிருக்க, மேஜைக்கடியில் அவருடைய வலது கால் தரையை அமுக்கிக்கொண்டிருந்தது.

"அட கடவுளே" என்று நிமிர்ந்து உட்கார்ந்தாள். "சரி, அந்த அம்மாட்ட சொல்லிருங்க."

"என்னன்னு சொல்றது? நான் மாத்திரை சாப்பிட்டவன், இப்ப விட்டுட்டேன், அதனால நீங்க ஃபெயிலுன்னா? முதலாளியம்மா காதுக்குப் போனா அன்னிக்கே சாவியப் புடுங்கிருவாங்க. ஒம்பது வருஷம் அதப் போட்டுக்கிட்டு வண்டியில உக்காந்தது வெளிய வந்தா லைசென்ஸே போயிரும்."

"அப்பப் போட்டுக்கிட்டு ஓட்டுனீங்க, யாரும் கேக்கல. இப்ப நல்லபடியா விட்டுட்டீங்க, இப்ப மாட்டிக்குவீங்களா?"

"அதான் கூத்து" என்றார் அவர்.

"கூத்துதான். ஆனா அவங்க வேலை போகப்போகுதுங்க." மனைவி சாதாரணமாகத்தான் சொன்னாள், தட்டுகளை அடுக்கிக்கொண்டே. அவர் பாதித் தட்டோடு எழுந்து கைகழுவப் போனார்.

சொல்லாமலே சரிசெய்துவிடலாம் என்றுதான் முதலில் பார்த்தார். யார்தான் பார்க்க மாட்டார்கள்? மறுநாளிலிருந்து காலைப் பெடலில் வைப்பதில்லை என்று முடிவு. ஒரு வங்கிக்காரருக்குப் பாடம். காலை உட்பக்கமாக மடித்து, இருக்கைக்கடியில் சொருகிக்கொண்டார். பதினோரு நிமிஷம் தாங்கியது. பிறகு ஒரு பஸ் குறுக்கே வளைந்தது. பஸ் போன பிறகு பார்த்தால் கால் பெடலில் இருக்கிறது. எப்போது வந்தது, யார் கூப்பிட்டு வந்தது, ஒன்றும் தெரியவில்லை. லைப்ரரியம்மாவின் பாடத்திலும் அதே கதைதான். அந்த அம்மா புது நம்பிக்கையோடு, "பாத்தீங்களா, மெக்கானிக் கை வச்சதும் பழையபடி பஞ்சு மாதிரி ஆயிருச்சு" என்று சந்தோஷப்பட்டார். ஐஸ் சாருக்கு அந்த நேரம் பூமி பிளந்து உள்ளே இழுத்துக்கொண்டால் தேவலை என்று இருந்தது. நாளாக ஆக, தான் கெடுத்துவிடுவோம் என்ற பயம் சேர்ந்துகொண்டது, பயம் சேரச் சேரக் கால் இன்னும் வேகமாக ஓடியது.

புதன்கிழமை. மறுநாள் டெஸ்ட். நாலு மணிக்கு லைப்ரரியம்மாவுக்குக் கடைசிப் பாடம். மூன்றரை மணிக்கு முதலாளியம்மா கூப்பிட்டு, "நாளைக்கு அந்த அம்மா தேறலைன்னா நான் உங்கள ஆபீஸ்ல உக்கார வைக்கலாம்னு இருக்கேன். தப்பா எடுத்துக்காதீங்க. உங்களுக்கு என்னமோ ஆயிருச்சு, என்னன்னு சொல்ல மாட்டேங்கிறீங்க" என்றார். தலையாட்டிவிட்டு வந்தவர், டெஸ்ட் பாரத்தைத் தேடி அலமாரியிலிருந்த தன் பழைய தோல்பையைத் துழாவினார். பாரம் கிடைத்தது, கூடவே ஓரத்துத் தையலுக்குள் நசுங்கிய ஒரு அட்டைத் துண்டும் கிடைத்தது. உள்ளே ஒரு மாத்திரை, முழுசாக.

கழிவறைக் கதவைத் தாழ்போட்டுக்கொண்டு அதை உள்ளங்கையில் வைத்துப் பார்த்தார். வெள்ளை, நடுவில் ஒரு கோடு. பாதி போதும். பாதியை நாக்கடியில் வைத்தால், நாலு மணிக்குள் நெஞ்சுக்குள் ஓடுகிற அந்த ரீங்காரத்தை யாரோ பொத்தான் அமுக்கி நிறுத்தின மாதிரி நின்றுவிடும். கால் சொன்ன இடத்தில் கிடக்கும். பழைய ஐஸ் சார் வந்து ஜன்னலோரம் சாய்ந்துகொள்வார். அந்த அம்மா நிஜமான பிரேக்கைப் பழகிக்கொள்வார், நாளைக்குத் தேறுவார், வேலை தங்கும். தன் வேலையும் தங்கும். யாருக்கு நஷ்டம்? ஒரு நாள், ஒரே ஒரு பாதி. அதுவும் தனக்காகவா, அடுத்தவருக்காகத்தானே! இந்தக் கடைசி நியாயம்தான் அவரை நிறுத்தியது. ஒன்பது வருஷமும் இப்படி ஒரு நல்ல காரணம் இல்லாமல் ஒரு நாள்கூட அவர் போட்டதில்லை. அப்பாவுக்காக, பிறகு மனைவி நிம்மதியாகத் தூங்கவேண்டுமே என்பதற்காக, பிறகு பழகவருகிறவர்கள் பயப்படக்கூடாதே என்பதற்காக.

வாஷ்பேசினில் போட்டுக் குழாயைத் திறந்தார். சனியன், அது போகவில்லை. சல்லடைத் துளையில் உட்கார்ந்துகொண்டு தண்ணீரில் மினுமினுத்தது. விரலால் நசுக்கி நசுக்கி உள்ளே தள்ளினார். எல்லாம் போனபிறகு நிமிர்ந்து கண்ணாடியைப் பார்த்தால், அந்த விரல் அவர் வாயில் இருந்தது. நாக்கில் அந்தப் பழகின கசப்பு. அவசரமாகத் துப்பினார், வாய் கொப்பளித்தார், மறுபடி கொப்பளித்தார். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. வெளியே முதலாளியம்மா கதவைத் தட்டி, "சார், அவங்க வந்துட்டாங்க" என்றார்.

ஊரோரத்தில் மூடிக்கிடந்த ஒரு மரச்சாமான் கிடங்கின் முற்றத்தில்தான் ரிவர்ஸ் பழக்குவது வழக்கம். சிமெண்ட் தரை, மூன்று பக்கம் சுவர், ஓரத்தில் ஸ்கூலின் ஆரஞ்சு நிறக் கூம்புகள் நாலு. அங்கே காரை நிறுத்தச் சொன்னார். லைப்ரரியம்மா என்ஜினை அணைத்துவிட்டு, கண்ணாடியில் முடியைச் சரிசெய்துகொண்டு, அடுத்து என்ன என்பது போல் பார்த்தார். ஐஸ் சார் முன்கண்ணாடியையே பார்த்துக்கொண்டு பேசினார். எல்லாவற்றையும் சொன்னார். மாத்திரை, ஒன்பது வருஷம், அறுபத்தாறு நாள்... இல்லை, எழுபது நாள், எண்ணிக்கை குழம்பியது. ரப்பர் தேய்ந்த கதை. புது ரப்பருக்குப் பிறகும் மிதித்த கதை. மூச்சு முட்டியதால் நடுநடுவே நிறுத்தி, டீ ஊதுகிற மாதிரி ஊதிவிட்டுச் சொன்னார்.

"எத்தன கிளாஸ்ல?" என்று கேட்டார் லைப்ரரியம்மா.

"அநேகமா எல்லாத்துலயும் மேடம்."

அந்த அம்மா ஸ்டியரிங்கையே பார்த்தார். பிறகு, "அப்ப நான் ஒரு நாளாவது நானா ஓட்டியிருக்கேனா?" என்றார்.

பொய் சொல்லலாம் என்று ஒரு கணம் தோன்றியது. "தெரியல மேடம்" என்றார்.

லைப்ரரியம்மா இறங்கிக் கிடங்குச் சுவர் வரை நடந்து போனார். அங்கே முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார். கைப்பையிலிருந்து போனை எடுத்தார். முதலாளியம்மாவைத்தான் கூப்பிடுகிறார் என்று ஐஸ் சார் நினைத்தார்; கூப்பிடட்டும், அதுதான் நியாயம் என்றும் நினைத்தார். அந்த அம்மா போனில் மணி பார்த்துவிட்டு அதை உள்ளே போட்டு, திரும்பி வந்து டிரைவர் இருக்கையில் உட்கார்ந்தார்.

"ரெண்டு தடவையும் வீட்டுக்குப் போயி, மக்கு மக்குன்னு என்னைய நானே திட்டிக்கிட்டேன் சார். என் பொண்ணு முன்னாடி தலை நிமிர முடியல."

"என்னையத் திட்டுங்க மேடம். நல்லாத் திட்டுங்க."

"திட்டுறதுக்கெல்லாம் நேரம் இல்ல. நாளைக்குக் காலைல டெஸ்ட்." பெல்ட்டை இழுத்து மாட்டினார். "அந்தக் கூம்ப எடுத்து நடுவுல வைங்க. வச்சுட்டு வந்து, கால மேல தூக்கிவச்சு உக்காருங்க."

"மேடம்?"

"ரெண்டு காலையும். சீட்டு மேல. சம்மணம் போட்டு."

ஐம்பத்திரண்டு வயதில், பெல்ட்டு மாட்டின வயிற்றோடு, கார் இருக்கையில் சம்மணம் போடுவது சின்ன வேலையா? ஷூவைக் கழற்றி, முழங்காலைக் கையால் தூக்கி மடக்கி, கியர் கம்பியில் இடித்துக்கொண்டு, ஒருவழியாக உட்கார்ந்தார். மொட்டை மாடியில் அப்பளத்துக்குக் காவல் இருக்கிறவர் மாதிரி இருந்தது. வேறு நாளாயிருந்தால் அந்த அம்மா சிரித்திருப்பார்.

முதல் தடவை லைப்ரரியம்மா கூம்பின் மேலேயே ஏறிவிட்டார். அடியில் மாட்டிய கூம்பு கரகரவென்று சிமெண்டில் இழுபட்டு வந்தது. ஐஸ் சாரின் தொடை உள்ளுக்குள் வெட்டி வெட்டி இழுத்தது, போய் மிதிக்க ஒன்றும் இல்லாமல். இரண்டாவது தடவை பத்தடி முன்னாலேயே நின்று இரண்டு பேர் தலையும் முன்னால் போய் வந்தது. "இவ்வளவு அமுக்கணுமா இத!" என்று லைப்ரரியம்மா ஆச்சரியப்பட்டார். "இவ்வளவு கனமா இருக்குமா?" அந்தக் கேள்வி ஐஸ் சாரின் நெஞ்சில் போய்க் குத்தியது. ஐந்து மாதம் பழகினவர், பிரேக்கின் கனத்தை இன்றைக்குத்தான் முதல்முதலாகத் தெரிந்துகொள்கிறார். மூன்றாவது, நாலாவது. ஒவ்வொரு தடவையும் கூம்பு பெரிதாகிக்கொண்டே வர, அவருக்குக் காது அடைத்தது, உள்ளங்கை ஈரமானது. ஆனால் ஒன்று கவனித்தார். இந்தப் பயத்துக்கு ஒரு முகம் இருந்தது. ஆரஞ்சு நிறமாக, எதிரே, கண்ணுக்குத் தெரிகிற தூரத்தில் இருந்தது. கார் நின்றதும் பயமும் கொஞ்சம் நின்றது. இத்தனை நாளில் அவருக்குக் கிடைத்த ஒரே மரியாதையான பயம் அதுதான். ஒன்பதாவது தடவை கார் கூம்புக்கு ஒரு முழம் முன்னால் பதமாக வந்து நின்றது. பத்தாவதும் அப்படியே.

லைப்ரரியம்மா சிரிக்கவில்லை. மேலுதட்டு வியர்வையைப் புறங்கையால் துடைத்துக்கொண்டார். "ரோட்டுக்குப் போலாம்" என்றார்.

"ரோட்டுல நான் கால கீழ வச்சுத்தான் ஆகணும் மேடம். யாராவது குறுக்க விழுந்தா நான்தான் பொறுப்பு."

"வைங்க. விழுந்தா மிதிங்க. விழலைன்னா மிதிக்காதீங்க." அந்த அம்மா முதல் கியரைப் போட்டார். "என்னால முடியலைன்னா முடியலைன்னு தெரிஞ்சுக்கணும் சார். அது தெரியாம நாளைக்கு அங்க போயி உக்கார மாட்டேன்."

ஐஸ் சார் ஷூவை மாட்டிக்கொண்டு, வலது காலைப் பெடலுக்குப் பக்கத்தில், விரிப்பின் மேல் வைத்தார். ஒரு சாண் தூரம். தொடையின் மேல் இரண்டு கையையும் வைத்து அழுத்திக்கொண்டார். கிடங்குத் தெரு, பள்ளிக்கூடச் சுவர், பெட்ரோல் பங்க், எல்லாம் ஒழுங்காகப் போயின. சிக்னலில் அந்த அம்மா தானே நிறுத்தினார், கொஞ்சம் குலுங்கியது, ஆனால் நிறுத்தினார். ஐஸ் சார் மூச்சை ஊதினார். வலப்பக்கம் திரும்பினால் அந்த இடம் வரும், டெஸ்டில் இரண்டு தடவையும் லைப்ரரியம்மா தோற்ற பாதசாரிக் கோடு. திரும்பியதும் ஐஸ் சாரின் நெஞ்சில் ரீங்காரம் ஏறியது. முன்கண்ணாடி முழுக்க வெளிச்சமாகிக் கூசியது. கடைகளின் பெயர்ப்பலகைகள், நிற்கிற சைக்கிள்கள், ஒரு வெள்ளைக் கதவு எல்லாம் ஒரே சமயத்தில் தன்மேல் வருகிற மாதிரி இருந்தது. நடைபாதை விளிம்பில் ஒருவர் போனைப் பார்த்துக்கொண்டு நின்றார். நிற்கிறாரா, இறங்குவாரா? இறங்கினார். போனிலிருந்து தலையே எடுக்காமல் வெள்ளைக் கோட்டில் ஒரு அடி, இரண்டு அடி. கார் போய்க்கொண்டே இருந்தது. இப்போது போடணும், இப்போது, இப்போது என்று ஐஸ் சாரின் மண்டைக்குள் யாரோ கத்தினார்கள். அந்த ஆளுடைய சட்டைப் பொத்தான்கூடத் தெரிந்தது.

கார் நின்றது. கோட்டுக்கு இந்தப் பக்கம், பதமாக, குலுங்காமல் நின்றது. போன்காரர் நடந்ததொன்றும் அறியாமல் அந்தப் பக்க நடைபாதையில் போய் ஏறிக்கொண்டார்.

லைப்ரரியம்மா அந்த ஆளைப் பார்க்கவில்லை. இரண்டு கையாலும் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி, முகத்தை மட்டும் திருப்பி ஐஸ் சாரைப் பார்த்தார். முகம் வெளுத்திருந்தது.

"சார், இப்ப போட்டது யாரு? நீங்களா, நானா?"

அவர் வாயைத் திறந்தார். அவருக்கே தெரியவில்லை. தன் கால்தானே, கேட்டால் சொல்லாதா? கேட்டுப் பார்த்தார், முழங்காலுக்குக் கீழே மரத்துப்போன மாதிரி இருந்தது. பின்னால் ஒரு வண்டி ஹாரன் அடித்தது. அந்த அம்மா நகர்த்தவில்லை. பதில் வராமல் நகர்த்த மாட்டேன் என்று உட்கார்ந்திருந்தார்.

ஐஸ் சார் பெல்ட்டைத் தளர்த்திக்கொண்டு, பயந்துகொண்டே குனிந்தார். லைப்ரரியம்மாவும் அவர் பக்கமாகச் சாய்ந்து எட்டிப் பார்த்தார். விரிப்பில் வைத்த இடத்தில் கால் இல்லை. பெடலின் மேலும் இல்லை. பெடலுக்கு ஒரு விரல்கடை மேலே, எதிலும் படாமல், அந்தரத்தில் நின்று நடுங்கிக்கொண்டிருந்தது. பின்னால் இன்னொரு ஹாரன், அதற்கும் பின்னால் இன்னொன்று. இரண்டு பேரும் குனிந்தபடியே அதைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.